வாசகர் கேள்வி – பதில்: நகத்தை அழுத்திப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நர்சிங் படிப்பவர்களிடமிருந்து, அதுவும் நகத்தைப் பற்றி. எங்கோ தேர்வு நெருங்குகிறது போலிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நகத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்கிறார்கள். நெயில் பிளேட், நெயில் பெட், மேட்ரிக்ஸ், லூனுலா, எபோனிக்கியம், ஹைப்போனிக்கியம்... ராத்திரி மனப்பாடம் செய்தால் காலையில் எல்லாம் குழம்பிவிடுகிறது. நினைவில் நிற்க ஏதாவது வழி சொல்லுங்கள்.
— பி.எஸ்சி நர்சிங் முதலாண்டு மாணவி, திருச்சி

பதில்: புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். கடினமாகத் தட்டுப்படுகிறதே, அந்தத் தகடுதான் நெயில் பிளேட். அதற்கு உயிர் கிடையாது. கெரட்டின் என்ற கடினமான புரதம் நிரம்பிச் செத்துப்போன செல்கள் அடுக்கடுக்காக அழுந்தி ஆனது, கைவிரலில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், நரம்பும் இல்லை ரத்தக்குழாயும் இல்லை, அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. தகட்டுக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இளஞ்சிவப்பாகத் தெரிவது அடியில் இருக்கும் நெயில் பெட்டில், அதாவது நகப்படுகையில் ஓடுகிற ரத்தம். ஜன்னல் கண்ணாடி வழியாக அறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, நாம் வார்டில் நோயாளியின் நகத்தைப் பார்க்கிறோம் என்றால் உண்மையில் அந்தப் படுகையைத்தான் பார்க்கிறோம்.

சரி, தகடு எங்கே உற்பத்தியாகிறது? பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் நெயில் பெட் என்பார்கள். இல்லை. நகத்தின் பின்பக்கத்தில், தோல் மடிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் மேட்ரிக்ஸ்தான் நகத்தைத் தயாரிக்கும் இடம். அங்கே பிறக்கிற செல்கள் கெரட்டின் ஏறி, உட்கருவை இழந்து, தட்டையாகி, பின்னால் வருகிற செல்கள் தள்ளத் தள்ள முன்னே நகர்கின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேட்ரிக்ஸின் பின்பாதி தகட்டின் மேற்பரப்பை உண்டாக்குகிறது, முன்பாதி தகட்டின் அடிப்பரப்பை. அதனால் சோரியாசிஸ் என்ற தோல் நோயில் நகத்தின் மேல் ஊசியால் குத்தியதுபோல் குழி குழியாகத் தெரிந்தால், கோளாறு மேட்ரிக்ஸின் பின்பாதியில் என்று படுக்கை ஓரத்தில் நின்றபடியே சொல்லிவிடலாம். நகத்தடியில் நடக்கும் சில அறுவை சிகிச்சைகளில், கூடுமானவரை பின்பாதியைத் தொடாமல் இருக்கப் பார்ப்பதும் இதனால்தான். அங்கே தழும்பு விழுந்தால் நகம் மேலே பிளந்தபடியே வளரும்.

மற்றவை எல்லாம் ஓரத்துக் காவல். பின்பக்கத் தோல் மடிப்பு, இரண்டு பக்கவாட்டு மடிப்புகள், பின்மடிப்பிலிருந்து தகட்டின் மேல் மெல்லிய சவ்வுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் கியூட்டிகிள். சில புத்தகங்கள் கியூட்டிகிளையே எபோனிக்கியம் என்கின்றன, சில இரண்டையும் பிரிக்கின்றன. உங்கள் பாடப்புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதிவிடுங்கள், தேர்வு அறையில் வாதம் வேண்டாம். நுனியில், தகடு சதையை விட்டுப் பிரிகிற இடத்துக்குக் கீழே இருப்பது ஹைப்போனிக்கியம். நகக்கண்ணில் ஊசி ஏறினால் உயிர் போகிறதே, அந்த இடம். பார்லரில் அழகுக்காகக் கியூட்டிகிளை வெட்டித் தள்ளுகிறார்கள். கிருமியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அடைக்கிற முத்திரை அது, அதை ஏன் வெட்ட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இவ்வளவுதான் படம். ஆனால் வார்டில் உதவப்போவது வேறொன்று. நகத்தில் ஒரு வெள்ளை மாற்றத்தைப் பார்த்தால், 'இது தகட்டில் இருக்கிறதா, படுகையில் இருக்கிறதா' என்று முதலில் கேளுங்கள். நகத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறைந்தால், மாற்றம் படுகையின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அழுத்தியும் மறையாமல், வாரங்கள் போகப்போக நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தால் அது தகட்டில் இருக்கிறது, தவறு நடந்த இடம் மேட்ரிக்ஸ். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பெயர்கள் தானாகவே நினைவில் நின்றுவிடும்.

கேள்வி: நகத்தில் வெள்ளைப் பிறை எத்தனை விரலில் தெரிகிறதோ அந்த அளவுக்கு உடம்பில் ரத்தம் இருக்கிறது என்று என் பாட்டி சொல்கிறார். எனக்குக் கட்டைவிரலில் மட்டும்தான் தெரிகிறது. நான் பயப்பட வேண்டுமா?
— ஜி.என்.எம். மாணவி, தென்காசி

பதில்: வேண்டாம். பிறை என்பது மேட்ரிக்ஸின் முன்பகுதி வெளியே எட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். லூனுலா என்று படத்தில் குறிப்பதும் அதைத்தான். கட்டைவிரலில் பெரிதாகத் தெரியும், சுண்டுவிரலில் பெரும்பாலானோருக்குத் தோல் மடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். ரத்தசோகையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள், நகப்படுகையின் வெளிறலைப் பாருங்கள், கடைசியில் ஹீமோகுளோபின் பரிசோதனைதான் பதில் சொல்லும். இரும்புச்சத்து ரொம்ப நாளாகக் குறைந்தவர்களுக்கு நகம் தட்டையாகிப் பிறகு கரண்டிபோல் குழிந்துவிடுவதும் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். பாட்டியிடம் வாதாடாதீர்கள், கீரையும் பேரீச்சையும் சாப்பிடச் சொல்வார், சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கால்சியம் குறைவுதானே? ஹாஸ்டலில் எல்லோரும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோம்.
— பெயர் வெளியிட வேண்டாம், மதுரை

பதில்: மாத்திரை வாங்கிய காசுக்குப் பரோட்டா சாப்பிட்டிருக்கலாம். நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம். நகம் கடினமாக இருப்பது கெரட்டினில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளால். புள்ளி விழுவது, நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு சின்ன இடி, அல்லது நகத்தைக் கடித்தது, கியூட்டிகிளை நோண்டியது. மேட்ரிக்ஸில் பட்ட அடி சில வாரங்கள் கழித்துப் புள்ளியாக வெளியே வருகிறது. அழுத்திப் பாருங்கள், மறையாது. பென்சிலால் ஒரு படம் வரைந்து வைத்து அடுத்த மாதம் பாருங்கள், நுனிப்பக்கம் நகர்ந்திருக்கும்.

கேள்வி: டெங்கு வந்து மீண்ட ஒரு நோயாளிக்கு எல்லா விரல் நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் 'எப்போது காய்ச்சல் வந்தது, மூன்று மாசம் இருக்குமா' என்று கேட்டார். சரியாக இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்?
— பயிற்சி செவிலியர் (ஆண்), சேலம்

பதில்: நல்ல டாக்டர், நல்ல கேள்வி தம்பி. அந்தப் பள்ளத்துக்கு போ கோடுகள் என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846-ல் எழுதி வைத்தது. உடம்பு கடுமையாக அடிவாங்கும்போது, பெரிய காய்ச்சலோ, பெரிய அறுவை சிகிச்சையோ, கீமோதெரபியோ, மேட்ரிக்ஸ் கொஞ்ச நாள் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் உருவான தகடு மெலிந்து பள்ளமாகிவிடுகிறது. உடம்பு தேறியதும் வேலை பழையபடி ஓடும், பள்ளம் மட்டும் நகத்தோடு சேர்ந்து முன்னே போய்க்கொண்டிருக்கும்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பள்ளம் தோல் மடிப்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு மாதம். அதோடு நிறுத்திவிடக் கூடாது, மேட்ரிக்ஸிலிருந்து மடிப்பைத் தாண்டி வெளியே தலைகாட்டவே ஒரு மாதம் போல ஆகும், அதையும் கூட்டினால் மூன்று. உங்கள் டாக்டர் போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு விரலில் மட்டும் பள்ளம் என்றால் உடம்பு நோயைத் தேடாதீர்கள், அந்த விரலில் அடிபட்டதா என்று கேளுங்கள்.

வளர்ச்சி எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. நடுவிரல் வேகம், சுண்டுவிரல் மெதுவு. கர்ப்பத்தில் கொஞ்சம் வேகம் கூடும், வயதானால் குறையும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தில் மாதாமாதம் கோடு கிழித்து 35 வருடம் அளந்திருக்கிறார், 1980-ல் முடிவை வெளியிட்டார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது 67 வயதில் 0.095 ஆகிவிட்டது. அந்தப் பொறுமை நமக்கு வராது. கால் நகம் இதைவிட மெதுவு, மாதம் 1 மில்லிமீட்டர்தான். கைநகம் முழுவதும் புதிதாக வர ஆறு மாதம் என்றால் கால் பெருவிரலுக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். கால் நகத்தில் பூஞ்சைக்கு மருந்து சாப்பிடுகிறவர், 'மூன்று மாசமாச்சு, நகம் இன்னும் அசிங்கமாத்தான் இருக்கு' என்று மருந்தை நிறுத்தப் பார்த்தால் இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவையுங்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். குறுக்கே இரட்டை இரட்டையாக வெள்ளைப் பட்டை, தடவினால் பள்ளம் எதுவும் இல்லை, அழுத்தினால் மறைகிறது, வாரங்கள் ஆகியும் இடம் மாறவில்லை என்றால் அது மியூர்க்கி கோடுகள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடம், உதாரணமாக சிறுநீரில் புரதம் வெளியேறிவிடும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு வந்தவர்களிடம் பார்க்கலாம். படுகையில் இருப்பதால் நகத்தோடு நகராது. ஆல்புமின் ஏறினால் போய்விடும்.

கேள்வி: ஆக்சிஜன் அளவு பார்க்கப் போனால் நோயாளி கை நிறைய மருதாணி, நகத்தில் கறுப்பு நெயில் பாலிஷ். 'துடைத்துவிட்டு வா' என்று சிஸ்டர் என்னைத் திட்டினார். அவ்வளவு முக்கியமா?
— பி.எஸ்சி நர்சிங் இரண்டாமாண்டு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: திட்டியது கொஞ்சம் அதிகம், சொன்னது சரி. பல்ஸ் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும், கணக்கு அதில்தான். இந்த யோசனையை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970-களில் கொண்டுவந்தார். ஒளி போகிற வழியில் அடர்த்தியான கறுப்பு, நீலப் பூச்சு இருந்தால் அளவு கொஞ்சம் பிசகலாம். மருதாணியின் சிவப்பு பெரும்பாலும் தொந்தரவு தராது, கருகருவென்று பிடித்த மெஹந்தி சிக்னலையே தடுக்கலாம். துடைக்க நேரமில்லையா, கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டுங்கள், இல்லை காது மடலுக்கான புரோப் இருந்தால் அதை எடுங்கள். விரல் சில்லென்று இருந்தாலும் தப்பான எண் வரும், முதலில் கையைச் சூடாக்குங்கள். தோல் கறுத்தவர்களிடம் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதுண்டு என்பதையும் மனதில் வையுங்கள், நம் ஊர் வார்டில் இது சின்ன விஷயம் இல்லை. திரையில் 94 என்று நின்றிருக்க, நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் நோயாளியை நம்புங்கள்.

பாலிஷைத் துடைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், படுகையின் நிறமும் ரீஃபில்லும், அதாவது அழுத்தி விட்டதும் ரத்தம் திரும்பி நிரம்புவதும் தெரிய வேண்டும். கையை இதய உயரத்தில் வைத்து, நகத்தை வெளுக்கும் வரை ஐந்து நொடி அழுத்தி விட்டால், ஆரோக்கியமானவருக்கு 2 நொடிக்குள் சிவப்பு திரும்பிவிடும். 3 நொடிக்கு மேல் போனால் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள், டெங்கு வார்டில் குழந்தையிடம் இதைப் பார்த்தால் ஓடுங்கள். நகம் நீலமாக இருந்தால் உடனே நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். நாக்கு சிவந்திருந்து நகம் மட்டும் நீலம் என்றால் குளிரோ, கைக்கு வரும் ரத்த ஓட்டக் குறைவோ இருக்கலாம். நாக்கும் நீலம் என்றால் ரத்தத்திலேயே ஆக்சிஜன் இல்லை.

கேள்வி: வைவாவில் கிளப்பிங் கேட்டார்கள், 'சி.ஓ.பி.டி.-யில் வரும்' என்றேன். எக்ஸாமினர் சிரித்தார். ஏன் சிரித்தார்?
— ஜி.என்.எம். மூன்றாமாண்டு, நாகர்கோவில்

பதில்: அந்த வலையில் விழாதவர்கள் குறைவு. கிளப்பிங் என்பது விரல் நுனி பெருத்து நகம் உருண்டு வளைவது, சி.ஓ.பி.டி. என்பது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். சி.ஓ.பி.டி. தனியாகக் கிளப்பிங் தராது. அந்த நோயாளிக்குக் கிளப்பிங் புதிதாகத் தெரிந்தால் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கேள்வியே. பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோவது), நுரையீரல் சீழ்க்கட்டி, எம்பையீமா (நுரையீரலைச் சுற்றிச் சீழ் சேர்வது), பிறவியிலேயே நீலம் பாய்ந்த இதயநோய், இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தின் உள்சவ்வில் கிருமித்தொற்று), கல்லீரல் சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது), குடல் அழற்சி நோய்கள், இவைதான் பட்டியல்.

தகடு என்னவோ பழைய தகடுதான், மாற்றம் அதன் அடியில். படுகையின் மென்திசு பெருத்து தகட்டைத் தூக்கிவிடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் தகடும் பின்மடிப்புத் தோலும் சேரும் கோணம் சாதாரணமாக 160 டிகிரி அளவில் இருக்கும், கிளப்பிங்கில் 180-ஐத் தாண்டிவிடும். ஆரம்பத்தில் கோணம் மாறுவதற்கு முன்பே நகத்தின் அடிப்பகுதியை அழுத்தினால் மிதப்பதுபோல் ஆடும், இதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எளிய சோதனை: இரண்டு கையின் ஒரே விரலை முதுகோடு முதுகாக, நகத்தோடு நகம் சேர்த்து வையுங்கள். நடுவே வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். கிளப்பிங் என்றால் அது அடைந்துபோகும். இதைச் சொன்னவர் தென்னாப்பிரிக்க இதயநோய் மருத்துவர் லியோ ஷாம்ராத், 1976-ல். யாரிடம் பார்த்தார் தெரியுமா, தன் விரலிலேயே. அவருக்கே எண்டோகார்டைட்டிஸ் வந்து படுத்திருந்தபோது இடைவெளி மறைவதையும், குணமானதும் திரும்புவதையும் பார்த்து எழுதினார். அடுத்த வைவாவில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எக்ஸாமினர் வேறு மாதிரி சிரிப்பார்.

கேள்வி: நகச்சுத்திக்கு விரலில் எலுமிச்சம்பழம் செருகுவது சரியா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: எங்கள் வீட்டிலும் செருகியிருக்கிறார்கள். வீங்கித் தெறிக்கிற விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், சீழை அது ஒன்றும் செய்யாது, உள்ளே என்ன நடக்கிறது என்று இரண்டு நாள் தெரியாமல் மூடி வைத்திருக்கும். பக்கவாட்டு மடிப்பில் நுழைந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரிக் கிருமிதான் திடீரென்று வரும் நகச்சுத்திக்குக் காரணம், நகம் கடிப்பதும் ஓரத்தோலைக் கிழிப்பதும் வாசலைத் திறந்துவிடுகிறது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை ஊறவைத்தாலே பலருக்கு அடங்கிவிடும். சீழ் கோத்துவிட்டால் டாக்டர் திறந்துவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது.

மாதக்கணக்கில் விட்டுவிட்டு வீங்குகிறது, கியூட்டிகிளே காணோம் என்றால் அது வேறு கதை. நாள் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பவர்கள், மீன் கழுவுபவர்கள், சமையல் வேலை செய்பவர்கள், கை கழுவிக்கொண்டே இருக்கும் செவிலியர்களுக்கும் வரும். ஈரமும் சோப்பும் தோலை அரித்து, பிறகு கேண்டிடா என்ற பூஞ்சை வந்து குடியேறுகிறது. ஈரத்தைக் குறைக்காமல் மருந்து மட்டும் போட்டால் போகாது.

மாணவிகள் ஒன்றைக் கவனியுங்கள். விரல் நுனியில் கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளம், வீக்கத்தைவிட வலி அதிகம் என்றால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். கையுறை இல்லாமல் நோயாளியின் வாய்க்குள் கை வைப்பவர்களுக்கு வருவது. அதைக் கீறித் திறக்கவே கூடாது.

கேள்வி: கதவில் விரல் நசுங்கி நகத்தடியில் ரத்தம் கட்டியது. அவ்வளவு சின்ன இடத்தில் ஏன் அப்படி ஒரு வலி? கம்பியைச் சூடு பண்ணி ஓட்டை போட்டால் சரியாகும் என்கிறார்களே?
— கடைக்காரர், ஈரோடு

பதில்: உடம்பில் மற்ற இடங்களில் தோலுக்குக் கீழே கொழுப்பு மெத்தை இருக்கும். நகப்படுகைக்குக் கீழே அது இல்லை, படுகை நேராக விரல் எலும்பின் உறையோடு ஒட்டியிருக்கிறது. மேலே விட்டுக்கொடுக்காத தகடு, கீழே எலும்பு, நடுவில் ரத்தம் சேர்ந்தால் போக இடமில்லை, இதயம் துடிக்கத் துடிக்க விரலும் துடிக்கும். தகட்டில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுவது மருத்துவத்தில் உண்மையிலேயே செய்கிற வேலைதான், தகட்டில் நரம்பு இல்லாததால் துளையே வலிக்காது. ஆனால் அடுப்பில் காய்ச்சிய கம்பியோடு வீட்டில் செய்ய வேண்டாம். கொஞ்சம் ஆழம் போனால் படுகை, அதற்கடுத்தது எலும்பு, அடியில் எலும்பு உடைந்திருந்தால் கிருமிக்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்தது ஆகிவிடும். எக்ஸ்ரே எடுத்துவிட்டு டாக்டர் செய்யட்டும். நகம் கழன்று விழுந்தாலும் மேட்ரிக்ஸ் பிழைத்திருந்தால் புது நகம் வரும்.

கேள்வி: கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு. கூகுளில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது.
— வாசகர், புதுச்சேரி

பதில்: நம்மைப்போல் கறுத்த தோல்காரர்களுக்கு, வயது ஏற ஏறப் பல விரல்களில் இப்படிக் கோடு விழுவது சாதாரணம், மேட்ரிக்ஸில் இருக்கும் நிறமிச் செல்களின் வேலை. தோல் மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது என்றால், ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால், ஒரே கோட்டில் பல நிறம் கலந்திருந்தால், முக்கியமாகக் கறுப்பு தகட்டைத் தாண்டிப் பின்மடிப்புத் தோலிலும் பரவியிருந்தால். உங்களுக்கு ஒரே விரல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கட்டைவிரல். பயத்துக்காக இல்லை, ஒருமுறை காட்டிவிடுங்கள், கூகுளை மூடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நகம் கொஞ்சம் வளர்ந்தாலே அபராதம். கையுறை போட்டுக்கொள்கிறோமே, அப்புறம் என்ன?
— கோபத்தில் இருக்கும் ஐந்து மாணவிகள், சென்னை

பதில்: அபராதம் பற்றி நான் பேசமாட்டேன், அது உங்கள் பிரின்சிபாலோடு. ஆனால் கையில் கிருமி அதிகம் பதுங்குவது நகநுனிக்கு அடியில், கை கழுவும்போது சரியாகப் போய்ச் சேராத இடமும் அதுவே. நீள நகம் கையுறையைக் கிழிக்கும், குழந்தையைக் குளிப்பாட்டும்போது கீறும். நகநுனி 0.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், நோயாளிகளைத் தொட்டு வேலை செய்பவர்கள் செயற்கை நகம் ஒட்டவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுகாதார வழிகாட்டி. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடோமோனாஸ் என்ற கிருமி பரவியதை ஆராய்ந்தபோது செவிலியர்களின் நீள நகமும் செயற்கை நகமும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. மருதாணி வைத்துக்கொள்ளலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உங்கள் வார்டு சிஸ்டரைத்தான் கேட்க வேண்டும், லீவு நாளில் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.